மேல்படிப்புக்கு ராஜினாமாக் கடிதம் எதற்கு?

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி எச்.ஆர். டிபார்ட்மெண்டில் ஒரு கடிதம் கொடுத்தேன். இரண்டு வருஷம் சம்பளமில்லாத லீவு வேண்டும், எம்.ஓ.டி. படிக்கப் போகிறேன், முடித்துவிட்டு இதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறேன் என்று. பத்து நாளாகப் பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டால் கடிதத்தையே காணோம். தேடு தேடு என்று தேடிக் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்கள் ஃபைலில். கடிதத்தின் தலைப்பில் 'ஓ.டி.' என்று இருந்ததல்லவா, அங்கே இருக்கும் பையன் சமர்த்தாக அதில் சொருகிவிட்டான்.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. தில்லிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் என்னிடம் வரவேண்டிய எத்தனையோ பேஷண்டுகள் மூன்றாவது மாடி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் நின்று, பயந்துபோய், வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஊரில் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வது, "எம்பொண்ணு பிசியோ மாதிரி, ஆனா பிசியோ இல்ல". ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று ஒருமுறை பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தையல் மிஷினு, டைப்பு எல்லாம் சொல்லித் தருவீங்களாம்மா?" என்றார். பாவம், அவர் முழுக்கத் தப்பும் இல்லை. தையல் மிஷின் கதை பின்னால் வருகிறது.

தெரியாதவர்களுக்காக நாலே வரி. பக்கவாதம் வந்த மனிதர் திரும்பத் தானே சட்டை பட்டன் போட்டுக்கொள்வது, கை நரம்பு அறுந்தவர் திரும்ப உளி பிடிப்பது, ஆட்டிசம் உள்ள குழந்தை கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடாமல் பள்ளிக்கூடத்தில் உட்காருவது, நீண்ட நாள் மனநோயில் இருந்தவர் காலையில் எழுந்து பல் தேய்த்து டீ போட்டு அன்றைய நாளை ஆரம்பிப்பது, இதெல்லாம் எங்கள் வேலை. மனிதன் தினமும் செய்கிற காரியங்களை அவனுக்குத் திருப்பிக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். அதுதான் பிரச்சினையே. "இதுக்குப் போய் மாஸ்டர்ஸா?" என்று எங்கள் ரங்கமணியே கேட்டார் (இப்போது கேட்பதில்லை).

சரி, எச்.ஆர். பதிலுக்கு வருவோம். "படிக்கணும்னா ரிசைன் பண்ணிட்டுப் படிங்க மேடம். முடிச்சுட்டு வாங்க, வேகன்ஸி இருந்தா பார்க்கலாம்" என்று இந்தியில், மிக மரியாதையாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கும் வேறு வழி இல்லை. நம் நாட்டில் எம்.ஓ.டி. என்பது இரண்டு வருஷம் முழுநேரம் வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் படிப்பு. ஏற்கெனவே வேலையில் இருக்கிற தெரபிஸ்டுக்கு என்று ஒரு வாசல் வைத்து யாரும் அந்தப் படிப்பைக் கட்டவில்லை. அதைத்தான் நான் தப்பு என்கிறேன்.

இந்த வயதில் (முப்பத்தாறு, பரவாயில்லை சொல்லிவிட்டேன்) எதற்குப் படிப்பு என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம்.

காந்தி நகர் ஜவுளி மார்க்கெட்டில் ஜீன்ஸ் தைக்கும் மாஸ்டர் ஒருவர் வந்தார். சீலம்பூரில் வீடு. ஐம்பது வயது இருக்கும். வலது பக்கம் பக்கவாதம். பீஸ் கணக்கில் கூலி, அதனால் படுத்த நாளெல்லாம் பட்டினிக் கணக்கு. முதல் வாரம் நான் வழக்கம்போல மரக்கட்டைகளையும் ஆணிப் பலகையையும் எடுத்து வைத்தேன். எடுத்து ஓட்டையில் செருகு, எடுத்து ஓட்டையில் செருகு. மூன்றாம் நாள் அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மேடம்ஜி, இது என் பேத்தி விளையாடுறது" என்றார். சுருக்கென்றது. ஆஸ்பத்திரி துணி தைக்கும் பிரிவில் மூலையில் கிடந்த பழைய கால் மிஷினைக் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் ரூமுக்குக் கொண்டு வந்தேன். முதலில் துணியை மேஜையில் நீவி விடுவது, பிறகு கத்தரி, பிறகு இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நேர்த்தையல். பத்தாவது வாரம் அவர் ஒரு பை தைத்துக் கொடுத்தார். கோணல்தான். அதில்தான் இன்றைக்கும் என் டிபன் பாக்ஸ் போகிறது.

நான் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேர்ந்த பெண், ஒரியாக்காரி, கட்டாக் பக்கம் ஓலட்பூரில் உள்ள தேசிய நிறுவனத்தில் எம்.ஓ.டி. முடித்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், மெதுவாகக் கேட்டாள். "தீதி, இது மிஷினாலதான் ஆச்சுன்னு எப்படித் தெரியும்? பக்கவாதத்துல முதல் மூணு மாசம் தானாவே நிறைய தேறுமே?"

தூக்கிவாரிப் போட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததுகூடப் பரவாயில்லை, அந்தக் கேள்வியே எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்பதுதான் உறைத்தது. பத்து வருஷம் ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்திருக்கிறேன். எது என்னால் தேறியது, எது காலத்தால் தேறியது, எது நான் இல்லாமலே தேறியிருக்கும் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஒரே ஒரு பேஷண்டை வைத்துக்கூட ஒழுங்காக ஆராயலாமாம். சிகிச்சை ஆரம்பிக்கும் முன் சில நாள் வெறும் அளவு மட்டும் எடு. அப்புறம் சிகிச்சை, கூடவே அளவு. நடுவில் நிறுத்தி மறுபடியும் அளவு. கோடு போட்டுப் பார்த்தால் ஏற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். பெரிய ராக்கெட் சயன்ஸ் இல்லை. ஆனால் நான் பி.ஓ.டி. படித்தபோது ஆராய்ச்சி முறை என்பது பரீட்சைக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்கிற சமாசாரமாக இருந்தது. கையில் பேஷண்ட் இல்லாத இருபது வயதில் அது எப்படி மண்டையில் ஏறும்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தது. தையல் மாஸ்டருக்கு அவள் பார்த்தெல் இண்டெக்ஸ் போட்டாள். தினசரி வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பட்டியல், 1965-ல் அமெரிக்காவில் வெளியானது, உலகம் முழுக்க ஓடுகிறது. அதில் 'சாப்பிடுதல்' என்ற இடத்தில், உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் உதவி தேவைப்பட்டால் 5, தானே சாப்பிட்டால் 10. மாஸ்டர் இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிட்டார். பத்துக்குப் பத்து.

ஆனால் அந்த மனிதர் நான்கு மாதமாக ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. ஈத் விருந்துக்குப் போகவில்லை. எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்காரும் இடத்தில் இடது கையை எப்படி நீட்டுவது? வீட்டில்கூட மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உட்காருகிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லி அழுதார். நம்மூர்ப் பந்தியில் இடது கையால் சாப்பிட்டுப் பாருங்கள், பக்கத்து இலைக்காரர் பார்க்கும் பார்வை தெரியும். பத்து மதிப்பெண் வாங்கிய இடத்தில்தான் அவருக்குப் பெரிய ஊனம் இருந்தது. வலது கையால் ஒரு வாய் ரொட்டியைப் பிய்த்து எடுப்பதையே குறியாக வைத்து ஆறு வாரம் உழைத்தோம். இந்த அளவுகோல் நம் ஊருக்குப் போதாது என்பது வேலை பார்க்கிறவளுக்குத் தெரிகிறது. அதை நிரூபித்து, மாற்று அளவுகோல் செய்து, எழுதி வெளியிடுவதற்கு மேல்படிப்பின் பயிற்சி வேண்டும். என்னிடம் கேள்வி இருக்கிறது, அவளிடம் கருவி இருக்கிறது. இரண்டும் ஒரே மண்டையில் சேர நம் ஏற்பாடு இடம் கொடுப்பதில்லை.

இடம் கொடுப்பதில்லை என்று ஏன் சொல்கிறேன்? எம்.ஓ.டி.யில் யார் சேர்கிறார்கள் என்று பாருங்கள். நாலரை வருஷம் பி.ஓ.டி.யும் பயிற்சியும் முடித்த கையோடு, வேலை, கல்யாணம், ஈ.எம்.ஐ. எதுவும் இல்லாத பிள்ளைகள். அவர்கள் படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் தனியாக ஒரு பேஷண்டை ஆறு மாதம் பார்த்திராத ஒருவர் ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் என்ன கிடைக்கும்? பக்கத்து ஹாஸ்டல் மாணவர்களின் மணிக்கட்டு வலி. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஊழியர்களின் கழுத்து வலி. கேள்வித்தாளைக் கொடுத்தோம், வாங்கினோம், சதவீதம் போட்டோம். அப்புறம் அதே பிள்ளைகள் நேராக விரிவுரையாளர் ஆகிறார்கள். அவர்கள் அடுத்த செட்டுக்குப் பாடம் எடுக்கிறார்கள். பல வருஷம் கிளினிக்கில் கை தேய்ந்தவர்களோ கிளினிக்கிலேயே இருக்கிறார்கள், என்னைப் போல, பதில் தெரியாமல்.

தில்லியில் கல்லூரிக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. ஐ.டி.ஓ. பக்கம் விஷ்ணு திகம்பர் மார்க்கில் பண்டிட் தீனதயாள் உபாத்யாயா பெயரில் உள்ள நிறுவனம் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது இன்னமும் ஐ.பி.எச்.தான். 1970-களின் நடுவில் மத்திய அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து எத்தனையோ ஓ.டி.க்களைப் பெற்றுப் போட்ட இடம். ஜாமியா ஹம்தர்தில் எம்.ஓ.டி. இருக்கிறது. என் வீடு மயூர் விஹார். மெட்ரோவில் போய் வரக்கூடிய தூரம்தான். தூரம் பிரச்சினையே இல்லை. காலை ஒன்பது மணிக்கு நான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

மத்திய அரசு ஆஸ்பத்திரியில் பர்மனெண்டாக இருந்தால் ஸ்டடி லீவு என்று ஒன்று உண்டு. ஐந்து வருஷ சர்வீஸ் இருந்தால், வேலைக்குப் பொருத்தமான படிப்பு என்று மேலிடம் ஒத்துக்கொண்டால், மொத்த சர்வீஸில் 24 மாதம் வரை எடுக்கலாம். திரும்பி வந்து மூன்று வருஷம் வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் பர்மனெண்ட் ஓ.டி. போஸ்ட் எத்தனை? என் வகுப்புத் தோழிகளில் பாதிப் பேர் கான்ட்ராக்ட். மீதிப் பேர் தனியார். சிலர் வீடு வீடாகப் போகிற ஃப்ரீலான்ஸ், நொய்டாவில் ஒரு குழந்தை, துவாரகாவில் ஒரு தாத்தா. இவர்களுக்கு லீவு கொடுக்க யார் இருக்கிறார்கள்?

சரி, தபால் வழியில் படிக்கலாமே என்றால், அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. கைத்தொழில் போன்ற மருத்துவப் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாது என்பது யூ.ஜி.சி. நிலை. 2025-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2021-ல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, சைக்காலஜி உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று உத்தரவு. அந்தச் சட்டத்தில் நாங்களும் இருக்கிறோம்.

உண்மையைச் சொன்னால் அந்தத் தடையின் காரணம் எனக்குப் புரிகிறது. லக்ஷ்மி நகர் மெட்ரோ ஸ்டேஷன் தூண்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் புரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் ஒரு பேஷண்டையும் தொடாமல் தெரபிஸ்ட் ஆகிவிடக் கூடாது. நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் இல்லையே? என்னிடம் பட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, தினம் பன்னிரண்டு பேஷண்டு இருக்கிறார்கள். புதிதாக நீச்சல் கற்பவனைத் தனியாகக் கிணற்றில் விடாதே என்று போட்ட சட்டம், பதினோரு வருஷமாக யமுனையில் நீந்துகிறவளையும் கரையிலேயே நிறுத்துகிறது. (யமுனையில் இன்றைய தேதிக்கு யாரும் நீந்தக் கூடாது என்பது வேறு விஷயம்.)

வேலை செய்கிறவர்களைப் படிக்க வைக்க இந்த நாட்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே தில்லி மைதான் கடியில் இருக்கும் இக்னோ, வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்கென்றே 1990-களில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பித்தது. வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறிய மலையாளி, தமிழ் சிஸ்டர்களை எனக்குத் தெரியும். டாக்டர்களுக்கு டி.என்.பி. இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு வேலை செய்தபடியே ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். நம்ம தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு மேல்படிப்பில் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சண்டை போட்டு, சுப்ரீம் கோர்ட் வரை வந்து, 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் பெஞ்சில், மாநிலம் அப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்பு வாங்கினார்கள். அதன் அடிப்படை நியாயம் எளிமையானது. களத்தில் வேலை பார்த்தவன் படித்தால் களத்துக்கு லாபம். டாக்டருக்குப் பொருந்துகிற நியாயம் தெரபிஸ்டுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

முழுநேரக் கதவும் தொலைதூரக் கதவும் மூடிய இடத்தில் யார் கடை விரிப்பார்கள்? வாரக்கடைசி சர்ட்டிஃபிகேட் கோர்ஸ்காரர்கள். தில்லியிலும் குர்காவிலும் மாதம் தவறாமல் ஒரு ஹோட்டல் ஹாலில் ஏதாவது நடக்கிறது. மூன்று நாள், லஞ்ச் உண்டு, கழுத்தில் தொங்கும் அட்டை உண்டு, கடைசியில் குரூப் ஃபோட்டோ உண்டு. என் அலமாரியில் ஏழு சர்ட்டிஃபிகேட் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷக் கல்லூரி ஃபீஸ் வந்திருக்கும். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு கோர்ஸ் என் கையை உண்மையிலேயே மாற்றின. ஆனால் எந்தக் கோர்ஸிலும் 'இது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த லெவல் கோர்ஸுக்கு யார் பணம் கட்டுவது!

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோர்ஸ்களில் அதிகம் விற்பனையாவது சென்சரி இண்டக்ரேஷன். அதைக் கண்டுபிடித்த ஜீன் ஏர்ஸ் அம்மையார் எங்கள் ஜாதிதான், ஓ.டி. 1945-ல் பட்டம் வாங்கி, குழந்தைகளோடு வேலை பார்த்து, 1954-ல் மாஸ்டர்ஸ், 1961-ல் டாக்டரேட். அதற்கும் பிறகுதான், 1972-ல், அந்தப் புகழ்பெற்ற புத்தகம். கிளினிக்கில் பார்த்த ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல், அதைத் துரத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் காலேஜுக்குப் போன பெண்மணி. அவர் இருபத்தேழு வருஷத்தில் செய்ததை நாம் மூன்று நாளில் லஞ்சோடு வாங்கிக்கொள்கிறோம்.

"அப்போ வெளிநாடு போயிடேன்" என்பார்கள். போகிறார்கள். அமெரிக்காவில் 2007-லிருந்து ஓ.டி. தொழிலுக்குள் நுழையவே முதுநிலை அளவில் படிப்பு வேண்டும், அதனால் நம் பி.ஓ.டி. பிள்ளைகள் அங்கே போய் மாஸ்டர்ஸ் செய்கிறார்கள், பெரும்பாலும் திரும்புவதில்லை. அவர்களைத் திட்ட நான் யார்? நானே ஊரை விட்டுச் சம்பளத்துக்காகத் தில்லி வந்தவள்தானே. எனக்குப் பிடித்தது பிரிட்டன் வழி. அங்கே இளநிலைப் பட்டத்தோடு வேலை பார்க்கலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக, ஒவ்வொரு பாடமாக முடித்து, சில வருஷத்தில் மாஸ்டர்ஸாகச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் பிள்ளை பெற்றால் ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாம். எங்கள் தொழிலில் பெண்கள்தான் அதிகம், அதனால் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கவும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மூன்று வருஷப் பகுதிநேர எம்.ஓ.டி. சேர, குறைந்தது ஐந்து வருஷ வேலை அனுபவம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் கல்லூரியில் நேரில் இருக்க வேண்டும், அந்தப் பத்து நாளுக்கு லீவு கொடுப்பேன் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் என் கிளினிக்தான் என் பரிசோதனைச்சாலை. நான் பார்க்கும் கேஸ்களைக் குறிப்பெடுத்து அனுப்ப வேண்டும், வழிகாட்டி எப்போது வேண்டுமானாலும் வந்து பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆய்வு என் சொந்தப் பேஷண்டுகள் மேல், எதிக்ஸ் கமிட்டி அனுமதியோடு. இதைத் தொலைதூரக் கல்வி என்று எப்படிச் சொல்ல முடியும்? பேஷண்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்து எந்த எம்.ஓ.டி. மாணவரும் இப்போது படிப்பதில்லை.

இதைச் சொன்னபோது ஒரு சீனியர் மறுத்தார். "நீ ஒழுங்கா எழுதுவே. உன் பேரைச் சொல்லி நூறு பேர் போலி கேஸ் ஷீட் எழுதுவான். அஞ்சு வருஷ அனுபவ சர்ட்டிஃபிகேட் எவ்வளவுக்குக் கிடைக்கும்னு எனக்குத் தெரியும்." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் சொல்வது நடக்கும். ஆனால் முழுநேரப் படிப்பில் மட்டும் அட்டெண்டன்ஸ் விலைக்குக் கிடைப்பதில்லையா? தில்லிக்கென்று ஃபிசியோ, ஓ.டி. இரண்டுக்கும் சேர்த்து 1997-லேயே கவுன்சில் சட்டம் இருக்கிறது. பதிவு ஆன தேதியிலிருந்து அனுபவத்தைக் கணக்கிட்டால் பாதிப் போலி அங்கேயே நிற்கும். மீதியைப் பரீட்சையில் பேஷண்டை எதிரே உட்கார வைத்து, "என்ன செய்வாய், ஏன் செய்வாய்" என்று இரண்டு வெளி ஆட்கள் கேட்டால் போதும். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் பொய் சொல்வது கஷ்டம், கை காட்டிக் கொடுத்துவிடும்.

1992-ல் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தபோது பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், செயற்கைக் கால் செய்பவர் எல்லோரும் உள்ளே போனார்கள், நாங்கள் வெளியே நின்றோம். அப்புறம் 2021 வரை எங்களுக்கென்று நாடு முழுவதுக்கும் ஒரு சட்டம் இல்லை. இப்போது வந்திருக்கிறது, படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதும் அதிகாரத்தோடு. விதி ஒருமுறை எழுதி முடித்துவிட்டால் அதை மாற்ற இன்னொரு தலைமுறை ஆகும். அதனால்தான் இந்தப் புலம்பலை இப்போது எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை இந்தியாவுக்குக் கொண்டு வந்த கமலா நிம்ப்கர் பற்றி எங்கள் முதல் வருஷப் புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும். பரீட்சையில் வராது என்பதால் தாண்டிவிடுவோம். அமெரிக்காவில் பிறந்தவர், எலிசபெத் லண்டி. நிம்ப்கரைக் கல்யாணம் செய்து 1930-ல் பம்பாய் வந்தார், பள்ளிக்கூடம் நடத்தினார். நாற்பது வயதுக்கு மேல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பிப் போய் ஓ.டி. படித்துவிட்டு வந்து, 1950-ல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் முதல் ஓ.டி. பள்ளியை ஆரம்பித்தார். 1952-ல் உலக ஓ.டி. கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நடு வயதில், ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, படிக்கப் போன ஒரு பெண்மணியால் வந்த தொழில் இது. அதில் நடு வயதுப் பெண்ணுக்குப் படிக்க இடமில்லை என்றால் என்ன சொல்ல!

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு வருஷம் என் சம்பளம் இல்லாமல் வாடகையும் பையன் ஸ்கூல் ஃபீஸும் ரங்கமணி சம்பளத்தில் ஓடும், ஊருக்கு அனுப்பும் பணம் ஓடாது. படித்து முடித்தால் சம்பளம் ஏறுமா என்றால், தனியாரில் பெரிதாக ஏறாது என்று ஒரியாக்காரப் பெண்ணே சொல்கிறாள். அவளும் நானும் வாங்குவதில் வித்தியாசம், போன தீபாவளி போனஸோடு சேர்த்தால், ஒரு நல்ல குக்கர் விலை. பொட்டி தட்டும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் "ஆர்.ஓ.ஐ. இல்லியே" என்கிறார்கள். இல்லைதான்.

நுழைவுத் தேர்வு விண்ணப்பம் டைனிங் டேபிளில் சாம்பார் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. நேற்று எச்.ஆரில் இரண்டாவது கடிதம் கொடுத்தேன். இந்தத் தடவை லீவு கேட்கவில்லை, வாரத்தில் மூன்று நாள் வேலை, மூன்று நாள் படிப்பு என்று ஏதாவது ஒரு வழி யோசிக்க முடியுமா, கல்லூரியிலும் நானே போய்ப் பேசுகிறேன் என்று கேட்டிருக்கிறேன். தலைப்பில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று முழுசாக, சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. பதில் வந்தால் சொல்கிறேன்.